சரக்கைச் சோதிக்கத் தெரிந்த நாம், செய்தியைச் சோதிக்கிறோமா?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கல்வி உதவித் தொகையும் வழங்கும் வேலை நம் சங்கத்தில் தொடங்கிவிடும். பல ஆண்டுகளாக நடந்து வரும் நல்ல காரியம். இந்த ஆண்டு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறோம். பணம் செலவாகும் காரியம் அல்ல. செல்போனிலும் இன்டர்நெட்டிலும் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று விசாரித்துப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் அது.

“இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க மாட்டார்களா? மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. எமது கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. ஏலக்காய்க்குக் கேட்பு அதிகம். பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்த எமது பேரன், கல்லூரி விட்டு வந்ததும் மாலையில் கல்லாவில் உட்காருவான். அவன் இன்டர்நெட்டில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் காட்டினான். இடுக்கி மாவட்டத்தில் சொந்தத் தோட்டம், சொந்தக் கிடங்கு, நேரடி விற்பனை, போடிநாயக்கனூர் ஏலத்தில் போகும் விலையைவிடக் கால்வாசி குறைவு. மூட்டை அடுக்கிய படம், காய் உலர்த்தும் வீடியோ, வாங்கியவர்கள் புகழ்ந்து எழுதியது எல்லாம் இருந்தன. “தாத்தா, ஜி.எஸ்.டி. நம்பர்கூடப் போட்டிருக்கிறார்கள்” என்றான். நாமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். நல்ல பச்சை, எட்டு மில்லி காய், பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆசை என்று எழுதிவிட்டோம், அதுதான் உண்மை. ரூ.90,000 முன்பணம் அனுப்பினோம். சரக்கு வரவில்லை. இன்று லாரி ஏறும், நாளை ஏறும் என்று ஐந்து நாள் சொன்னார்கள். ஆறாம் நாள் போன் எடுக்கவில்லை.

பிறகு ஆடிட்டரிடம் போனோம். அவர் அந்த ஜி.எஸ்.டி. நம்பரை அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நம்பர் 27 என்று தொடங்கியது. 27 என்பது மகாராஷ்டிரத்தின் எண். கேரளத்துக்கு 32, நமக்கு 33. அது எங்கோ ஜவுளி வியாபாரம் செய்த ஒருவரின் நம்பர், பதிவும் ரத்தாகியிருந்தது. இடுக்கியில் தோட்டம் வைத்திருப்பவருக்கு மகாராஷ்டிரத்து நம்பர் எதற்கு? இந்தக் கேள்வி எம் இருவரில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். உடனே பேசியிருந்தால் பணம் வங்கிக் கணக்கில் நிற்கும்போதே முடக்கப் பார்ப்பார்கள். ஆறு நாள் கழித்து என்ன செய்ய முடியும்?

பணம் போனது ஒரு பக்கம். பேரன் பத்து நாள் கடைப் பக்கமே வரவில்லை. சாப்பிடும்போது முகம் பார்த்துப் பேசவில்லை. தன்னால்தான் நஷ்டம் என்று அவன் நினைத்துக் கொண்டான். யோசித்துப் பார்த்தால் தவறு அவனுடையது மட்டும் அல்ல. நாள்வழி எழுத, பேரேட்டில் பற்று வரவு ஏற்ற, துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்ததும் புதுசா பழசா என்று சொல்ல எல்லாம் கற்றுக் கொடுத்திருந்தோம். இதை மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. எமக்கே தெரிந்திருந்தால் அல்லவா கற்றுக் கொடுப்பதற்கு?

ஆனால் ஒன்று. அதே ஆள் நேரில் ஏலக்காய்ச் சாம்பிளோடு கடைக்கு வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? சாம்பிளைப் பார்த்திருப்போம், முகர்ந்திருப்போம். ஆனால் அதோடு நின்றிருக்க மாட்டோம். “உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போடிக்கு ஒரு போன் போட்டிருப்போம். இந்த ஆள் யார், எந்த மண்டிக்குச் சரக்குப் போடுகிறார், பணம் காசில் எப்படி என்று இரண்டு பேரிடம் விசாரித்திருப்போம். சாம்பிள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை அனுப்புகிற ஆளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா? அதே விஷயம் செல்போன் வழியாக வந்ததும், சாம்பிளையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

இதே தவறைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் செய்கிறார்கள் என்று பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 2017இல் வெளிவந்தது. மொத்தம் 45 பேரை உட்கார வைத்து இணையப் பக்கங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் 10 பேர் டாக்டர் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியர்கள், 25 பேர் அதே பல்கலைக் கழகத்தின் மாணவர்கள், மீதி 10 பேர் பத்திரிகை போன்ற இடங்களில் செய்தியின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள்.

குழந்தை மருத்துவம் பற்றி இரண்டு சங்கங்களின் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். 1930இல் தொடங்கியது, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்கள் உறுப்பினர்கள். இன்னொன்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். கொள்கை வேறுபாட்டினால் 2002இல் பிரிந்து போன சிலர் தொடங்கிய மிகச் சிறிய அமைப்பு. பெயர் ஏறக்குறைய ஒன்று, பக்கமும் பார்க்க நேர்த்தி. நம் தொழிலில் பார்க்கிறோமே, பேர் வாங்கிய பெருங்காய டப்பாவைப் போலவே அதே நிறம், அதே எழுத்து, நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி இன்னொரு டப்பா வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான். மாணவர்கள் பலரும், பேராசிரியர்களிலேயே சிலரும் இந்தச் சிறிய அமைப்பின் பக்கத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். சின்னம் இருக்கிறதா, மேற்கோள் காட்டியிருக்கிறார்களா, பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தார்கள். அந்தப் பத்துச் சரிபார்ப்பாளர்கள் அப்படிச் செய்யவில்லை. பக்கத்தைப் படிக்காமலே விட்டுவிட்டு வெளியே போய், இந்த அமைப்பு யாருடையது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று முதலில் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் விடை கிடைத்துவிட்டது.

இது நாம் போடிக்குப் போன் போடும் வேலை அல்லாமல் வேறென்ன? அந்த ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் கேள்விகளும் மூன்றுதான். இதைச் சொல்வது யார், அதற்கு ஆதாரம் என்ன, மற்ற இடங்களில் என்ன சொல்கிறார்கள். கடை மொழியில் சொன்னால், யார் விற்கிறார், கையில் சரக்கு இருக்கிறதா, அடுத்த மண்டியில் விலை என்ன. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட கடைப் பையனுக்கும் இது புரியும். புரிந்ததை எம் கண்ணால் பார்த்தோம்.

ஞாயிறு மாலை வேளைகளில் பேரனையும், கடைப் பையன்கள் நால்வரையும், பக்கத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகளையும் கிடங்கு மாடியில் உட்கார வைத்துப் பழைய செய்திகளை எடுத்துப் பேசிப் பார்த்தோம். முதலில் எடுத்தது பிளாஸ்டிக் அரிசி. 2017 ஜூன் மாதத்தில் தெலங்கானா, கர்நாடகம் என்று பல இடங்களில் பரவிய செய்தி இது. சோற்றை உருண்டையாக உருட்டித் தரையில் அடித்தால் பந்து போல எழும்புகிறது என்று வீடியோ. நம் பக்கத்திலும் எத்தனை வாடிக்கையாளர்கள் அரிசியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்! சோற்றில் உள்ள மாவுச்சத்துப் பசைதான் உருண்டையை எழும்பச் செய்கிறது. எந்த அரிசிச் சோற்றை இறுக்கி உருட்டினாலும் எழும்பும். பையன்களில் ஒருவன் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஆனால் எமக்குப் பிடித்த பதில் வேறு ஒரு பையன் சொன்னது. “பிளாஸ்டிக் மணி கிலோ என்ன விலை, அரிசி கிலோ என்ன விலை? விலை அதிகமானதைக் கொண்டுபோய் விலை குறைந்ததில் எவன் கலப்படம் செய்வான்?” என்றான். வியாபாரி வீட்டுக் கேள்வி. இத்தனை வருஷத்தில் நாமே அதைக் கேட்கவில்லை.

பிற்பாடு ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தபோது அதே பிளாஸ்டிக் பேச்சு மறுபடி எழுந்தது. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து இயந்திரத்தில் அரிசி மணி போலவே செய்து, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்தார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். மக்கள் கண்ணால் கண்டது பொய் அல்ல. அதற்குச் சொன்ன காரணம்தான் பொய். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவசியம். படம் உண்மையாக இருக்கும், மேலே எழுதியிருப்பது பொய்யாக இருக்கும்.

10 ரூபாய் நாணயத்தைப் பற்றி நம் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லாப்பெட்டியில் தேங்கிய நாணயங்களை எண்ணி எண்ணி அலுத்துப் போனவர்கள் நாம். மேலே 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் கள்ள நாணயம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒரு முறையும், 2018 ஜனவரி 17 அன்று இன்னொரு முறையும் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாம் செல்லும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்த அறிவிப்பை எத்தனை கடைக்காரர்கள் தேடிப் படித்தோம்? பஸ்ஸில் வாங்கவில்லை, டீக்கடையில் வாங்கவில்லை, ஆகவே நாமும் வாங்கவில்லை. மறுத்தவர்களில் நாமும் அடக்கம். அந்த அறிவிப்பின் ஒரு பிரதியைக் கடையில் ஒட்டியிருந்தால் தெருவுக்கே விவகாரம் தீர்ந்திருக்கும்.

2016 நவம்பர் 11 இரவு வடக்கே உப்புத் தட்டுப்பாடு என்று கிளம்பிய வதந்தியும் அப்படித்தான். 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் பயந்திருந்த நேரம். டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் இரவோடு இரவாகக் கிலோ நூறு இருநூறு என்று கொடுத்து உப்பு வாங்கினார்கள். குஜராத்திலும் தூத்துக்குடியிலும் மலை மலையாக உப்பு குவிந்து கிடக்கும் நாட்டில்! இப்படிப்பட்ட வதந்தியால் ஒரு நாள் வியாபாரம் நன்றாக நடக்கலாம். மறுநாள் அதே வாடிக்கையாளர் நம்மைக் கொள்ளைக்காரன் என்பார்.

முழுப் பொய்யைவிட மோசமானது பாதிப் பொய். மிளகில் பப்பாளி விதை கலந்த மாதிரி. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகள் 25 கிலோ வரை 5 சதவீத வரிக்கு உட்பட்டன. அது உண்மை. அந்த வாரம் வந்த செய்திகளோ அரிசிக்கே வரி, சில்லறையில் அரைக் கிலோ வாங்கினாலும் வரி என்றன. வாடிக்கையாளர்கள் நம்மோடு சண்டைக்கு வந்தார்கள். மத்திய அரசு கேள்வி பதிலாகவே ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தது. மூட்டையைப் பிரித்து உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் அந்த விற்பனைக்கு வரி இல்லை, 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் இல்லை என்று அதில் இருந்தது. மில்காரர்கள் அதைப் படித்துவிட்டு 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். படிக்காத நாம் வாட்ஸ்அப்பில் வாதாடிக் கொண்டிருந்தோம்.

2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதும் இதே கதை. நோட்டு செல்லாது என்று ரிசர்வ் வங்கி சொல்லவே இல்லை. மாற்றிக்கொள்ள முதலில் செப்டம்பர் 30 வரை அவகாசமும் கொடுத்திருந்தது. அன்று மாலையே வாங்க மறுத்த கடைகள் எத்தனை!

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த பயிற்சி எல்லாம், செய்தியில் சொல்லப்படும் அலுவலகத்தின் பக்கத்துக்கே நேராகப் போய்ப் பார் என்பதுதான். வரி என்றால் வரித்துறை, நாணயம் என்றால் ரிசர்வ் வங்கி, ஏலக்காய் விலை என்றால் ஸ்பைசஸ் போர்டு. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் சராசரி விலையை அந்த வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இணைய முகவரியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். அரசாங்க அலுவலகம் என்றால் அது பெரும்பாலும் ‘.கவ்.இன்’ என்று முடியும். நடுவில் எங்காவது ‘கவ்’ என்று செருகி, முடிவில் ‘.காம்’ என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். செய்தியின் தேதியையும் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்துப் பழைய சுற்றறிக்கையை இன்று வந்ததுபோல் அனுப்புகிறார்கள்.

ஜி.எஸ்.டி. நம்பரைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசினோம். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். பான் எண்ணில் நான்காவது எழுத்து ‘பி’ என்றால் தனி ஆள், ‘சி’ என்றால் கம்பெனி, ‘எஃப்’ என்றால் கூட்டு வியாபாரம். பெரிய கம்பெனி என்று சொல்லிக்கொண்டு ‘பி’ போட்ட நம்பர் கொடுத்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் இந்த நம்பரை அரசாங்க தளத்தில் தேடிப் பார்க்கலாம். நம்பர் சரியாக இருந்தாலும் அடுத்தவருடையதைத் திருடிப் போட்டிருக்கலாம் என்பதால், அங்கே காட்டும் பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இப்போது கம்ப்யூட்டரே மனிதர் பேசுவது போலக் குரலும் படமும் தயாரித்துவிடுகிறது. மந்திரி பேசுகிறார் என்று வீடியோ வருகிறது. உதடு அசைகிறது, குரலும் அதே. இனி படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. அனுப்பியது யார் என்று விசாரிப்பது ஒன்றே வழி.

இரண்டு சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இப்படிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் பொய் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை என்று வந்த பழைய செய்தியைக் காட்டினோம். “புரளி” என்றான் ஒருவன், பார்க்காமலே. அது முழு உண்மை. 2024 செப்டம்பர் வரை தடை இருந்தது. யாரையும் நம்பாதவன் ஒரு மூட்டை சரக்குக்கூட வாங்க முடியாது. விசாரித்துவிட்டு நம்பு என்பதற்கும் நம்பாதே என்பதற்கும் உள்ள தூரத்தை அவர்களுக்குப் புரிய வைக்க, மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று.

இரண்டாவது சங்கடம் நம்முடையது. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பொய்ச் செய்தி அனுப்புகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, நம்மைப் போன்ற தலை நரைத்தவர்கள். பக்கத்துக் கடைக்காரரின் மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறவள், எம்மிடம் கேட்டாள்: “பெரியப்பா, அப்பா அனுப்பியது பொய் என்று தெரிந்தால் அதை எப்படிச் சொல்வது?” உடனே பதில் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. குழுவில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல், ரிசர்வ் வங்கியின் அறிவிப்பை எடுத்து அப்பாவிடம் தனியாகக் காட்டு என்றோம். காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் பேசாமல் குழுவில் தாம் போட்டதை அழித்துவிட்டார். மறுநாள் எம்மிடம் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, என் பிள்ளையை எனக்கு எதிராகவே தயார் செய்கிறீர்களே” என்றார். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறோம்.

இதெல்லாம் புது யோசனை அல்ல. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள் என்பதால், மாவட்ட ஆட்சியரின் முயற்சியில் 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்பு தொடங்கினார்கள். ‘சத்யமேவ ஜயதே’ என்று பெயர். அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். நம் பிள்ளைகள் அதற்குள் கடைக்கு வந்துவிடுவார்கள்.

பேரன் இப்போது படிப்பை முடித்துவிட்டு எம்மோடு கடையில் இருக்கிறான். சென்ற மாதம் முந்திரிப் பருப்பு மலிவு என்று ஒரு விளம்பரம் வந்தது. நம்பரைத் தேடினான், பெயரும் ஊரும் ஒத்துப்போயின. பிறகும் பணம் அனுப்பவில்லை. பண்ருட்டியில் தெரிந்த மண்டிக்குப் போன் போட்டு விசாரித்தான். நல்ல ஆள்தான் என்றார்கள். பத்து டின் வாங்கினோம், சரக்கு சொன்னபடி இருந்தது.

நோட்டுப் புத்தகம் வழங்கும் நாளன்று, பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறோம். தங்கள் கடையைக் குழப்பிய பொய்ச் செய்தி ஏதாவது செல்போனில் இருந்தால், உறுப்பினர்கள் அதை அழித்துவிடாமல் கொண்டு வரவும். பாடத்துக்கு அதுதான் சாம்பிள்.